‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும் டேட்டாசெட்: காத்திருப்பதா, விடுவிப்பதா, சுற்றிப் போவதா?

மெயின்ஃப்ரேமில் ஐஎஸ்பிஎஃப் 3.4 திரையில் ஒரு டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் கோப்பு) பெயருக்கு முன்னால், அழிக்கச் சொல்லும் டி போட்டு என்டர் அடித்தால், மேல் மூலையில் ‘டேட்டா செட் இன் யூஸ்’ என்று வருகிறது. மறுபடி அடித்தாலும் அதேதான். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் வேலை பார்க்கிற எல்லோரும் பார்த்திருக்கும் செய்தி இது. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறார்கள். ஒருவர் அழிக்கும் ஜாபைச் சமர்ப்பித்துவிட்டு வீட்டுக்குப் போவார். இன்னொருவர் டேட்டாசெட்டைப் பிடித்திருக்கும் ஜாபை கேன்சல் செய்வார். மூன்றாமவர் அதே டிஸ்க் தெரியும் வேறொரு எல்பாருக்குள் (இயந்திரத்தைப் பிரித்து ஓட்டும் தனி சிஸ்டம்) நுழைந்து அங்கிருந்து அழித்துவிடுவார். மூன்று வழியிலும் டேட்டாசெட் போய்விடும். ஆனால் முதல் வழி, கவனிக்காவிட்டால், காலை ஆன்லைனைத் தாமதப்படுத்தும். மூன்றாவது வழி சம்பந்தமே இல்லாத இன்னொரு கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடக்கூடியது.

எந்த கமாண்ட் என்று தேடுவதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிடித்திருப்பவர் பிடித்திருப்பது இந்த டேட்டாசெட்டையா, இல்லை இதே பெயரையா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வழிகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

பூட்டு இருப்பது பெயரின் மேல்

ஒரு ஜாபோ, திரையில் நேரடியாக வேலை செய்யும் டிஎஸ்ஓ பயனரோ ஒரு டேட்டாசெட்டை ஒதுக்கிக்கொள்ளும்போது, சிஸ்டம் அதன் பெயரில் ஒரு என்க்யூ (பூட்டு) எடுக்கிறது. அதன் மேஜர் பெயர் சிஸ்டிஎஸ்என். மைனர் பெயர், அதிகபட்சம் 44 எழுத்து நீளமுள்ள அந்த டேட்டாசெட் பெயர். ஜாபை விவரிக்கும் ஜேசிஎல்லில் டிஸ்ப் என்ற இடத்தில் ஷேர் என்று கேட்டால் பகிர்வுப் பூட்டு. ஓல்ட், மாட், நியூ என்று கேட்டால் தனிப்பூட்டு. அழிக்கவும் பெயர் மாற்றவும் தனிப்பூட்டு வேண்டும். எங்கோ ஒருவர் வெறும் ஷேராகப் பிடித்திருந்தாலும் நமக்கு அது கிடைக்காது. இணைந்து ஓடும் சிஸ்டங்களின் தொகுப்பான சிஸ்பிளெக்ஸில் எந்த சிஸ்டத்தில் யார் பிடித்திருந்தாலும், பூட்டுகளை நிர்வகிக்கும் ஜிஆர்எஸ் அந்தத் தகவலை மற்ற சிஸ்டங்களுக்கும் தெரியப்படுத்துகிறது.

இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்த என்க்யூவில் வால்யூம் (டிஸ்க்) பெயர் இல்லை என்பது. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்ரெஸ் வால்யூமில் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) சிஸ்1.லிங்க்லிப் என்ற பெயரில் ஒரு லைப்ரரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் கைவிட்ட பழைய சிஸ்ரெஸ்ஸிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. பழையதை ஒருவரும் தொடுவதில்லை. இருந்தாலும் அதை அழிக்கப் போனால் ‘இன் யூஸ்’ என்றுதான் வரும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து, ஒருவர் மேல் வழக்கு இருப்பதால் மற்றவருடைய பாஸ்போர்ட்டும் நிறுத்திவைக்கப்படுவது போன்ற நிலை இது.

ஆக, ‘பூட்டப்பட்ட டேட்டாசெட்’ என்று நாம் ஒன்றாகச் சொல்வது இரண்டு வேறு பிரச்சினைகள். ஒன்றில் டேட்டாசெட் நிஜமாகவே பயன்பாட்டில் இருக்கிறது. மற்றதில் பெயர் மட்டும் மோதுகிறது. முதல் வகைக்கு, பயன்பாட்டை நிறுத்துவது மட்டுமே தீர்வு. இரண்டாம் வகைக்குப் பூட்டைச் சுற்றிப் போவதில் தவறில்லை. ஐபிஎம்மே அதற்கு வழி வைத்திருக்கிறது. முதல் வகைக்கு இரண்டாம் வகையின் மருந்தைக் கொடுப்பதில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன.

பிடித்திருப்பவரைக் கண்டுபிடிப்பது

இது எளிது. ‘இன் யூஸ்’ செய்தி வந்ததும் பிஎஃப்1 அடித்தால் ஐஎஸ்பிஎஃப்பே பிடித்திருப்பவர்களைக் காட்டும். டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன் என்று அடித்து உள்ளே போய் என்க்யூ என்று கேட்டாலும் தெரியும். கன்சோல் அனுமதி இருந்தால் ‘டி ஜிஆர்எஸ்,ஆர்இஎஸ்=(சிஸ்டிஎஸ்என்,டேட்டாசெட்பெயர்)’ கொடுப்பதுதான் முழுமையான படம். எந்த சிஸ்டம், எந்த ஜாப், பகிர்வா தனியா, கையில் வைத்திருக்கிறதா காத்திருக்கிறதா எல்லாம் ஒரே பதிலில் வரும்.

அந்தப் பதிலில் வரும் ஜாப் பெயரைப் பார்த்தே பாதி விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். டிஎஸ்ஓ ஐடி என்றால் ஒரு மனிதர். ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் ரீஜன் பெயர் என்றால் ஆன்லைன் கோப்பு. எக்ஸ்சிஎஃப்ஏஎஸ், எல்எல்ஏ என்ற சிஸ்டம் டாஸ்க்குகள் இரண்டும் சேர்ந்து வந்தால் அது லிங்க்லிஸ்ட் (சிஸ்டம் ப்ரோகிராம்களைத் தேடும் லைப்ரரிகளின் பட்டியல்) லைப்ரரி. அங்கே கை வைக்கும்முன் நிதானிக்க வேண்டும்.

அடுத்து, பிடித்திருப்பவர் எந்த வால்யூமில் இருப்பதைத் திறந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஜிஆர்எஸ் பதில் இதைச் சொல்லாது. கேடலாகில் (எந்தப் பெயர் எந்த வால்யூமில் என்ற அட்டவணை) அந்தப் பெயர் எந்த வால்யூமைக் காட்டுகிறது, பிடித்திருப்பவரின் ஜேசிஎல்லில் வால்யூம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று நாமே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிஸ்ரெஸ் டேட்டாசெட்கள் பெரும்பாலும் வால்யூம் இடத்தில் ஆறு நட்சத்திரக் குறிகளோடு கேடலாக் செய்யப்பட்டிருக்கும். ஐபிஎல் செய்த (சிஸ்டத்தைத் தொடக்கிய) வால்யூம் எதுவோ அது என்று அதற்குப் பொருள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டுத் தேர்வுதான்.

காத்திருப்பது: நினைப்பதுபோல் சாதுவான வழியல்ல

அழிக்கும் ஜாபைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எந்த ஜாப் என்பதைப் பொறுத்தது அது.

தானாக எதுவும் செய்யாத ஐஇஎஃப்பிஆர்14 என்ற ப்ரோகிராமை ஸ்டெப்பாக வைத்து, டேட்டாசெட்டைக் குறிப்பிடும் டிடி வரியில் டிஸ்ப்=(ஓல்ட்,டெலீட்) என்று எழுதுவது பழைய வழக்கம். இப்படி எழுதினால் ஜாப் தொடங்கும்போதே தனிப்பூட்டைக் கேட்கும். கிடைக்காவிட்டால் வரிசையில் நிற்கும்; கன்சோலில் ‘டேட்டாசெட்டுக்காகக் காத்திருக்கிறது’ என்று செய்தி வரும். நிற்கும்வரை ஒரு இனிஷியேட்டர் (ஜாப் ஓடும் இடம்) வீண். அதைவிட முக்கியமானது இன்னொன்று. என்க்யூ வரிசை வந்த வரிசைப்படி நகரும். தனிப்பூட்டுக்காக ஒருவர் நின்றுவிட்டால், அவருக்குப் பின்னால் வந்து ஷேராகக் கேட்பவர்களும் நிற்க வேண்டும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. புதிதாகப் படிக்க வருபவர்களுக்குத்தான் கதவு அடைபடும். பேட்ச் ஜாப்கள் வரிசையில் சேர்ந்துகொண்டே போகும். டிஎஸ்ஓ போல டைனமிக்காக ஒதுக்குபவர்கள் காத்திருக்காமல் உடனே தோல்வியடைவார்கள். பலரும் படிக்கிற ஒரு லைப்ரரியின் மேல் இப்படி ஒரு ஜாபை மாலையில் விட்டுவிட்டுப் போனால், இரவு பேட்ச் முழுக்க அதன் பின்னால் நிற்கக்கூடும்.

ஐடிகேம்ஸ் என்ற பயன்பாட்டு ப்ரோகிராமின் டெலீட், டிடி வரி இல்லாமல் எழுதப்பட்டால், இப்படி நடப்பதில்லை. பூட்டு கிடைக்காவிட்டால் உடனே பிழைக்குறியீட்டோடு முடிந்துவிடும். வரிசையில் யாரையும் தடுக்காது. இதையே ஷெட்யூலரில் போட்டு, தோற்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடு என்று வைத்தால் அதுதான் நல்ல காத்திருப்பு. காத்திருப்பதாக முடிவெடுத்தால் ஐஇஎஃப்பிஆர்14 வேண்டாம், ஐடிகேம்ஸ் போதும் என்பது என் உறுதியான கருத்து. பூட்டு சில நொடிகளில் விடுபடும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் இதற்கு விலக்கு.

பேட்ச் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நீண்ட ஜாபின் கடைசி ஸ்டெப்பில் ஒரு டேட்டாசெட்டை ஓல்டாகக் கேட்டு அழித்தால், முந்தைய ஸ்டெப்கள் அதை ஷேராகக் கேட்டிருந்தாலும் ஜாப் தொடக்கத்திலேயே தனிப்பூட்டு எடுக்கப்படும். மூன்று மணி நேர ஜாப் என்றால் மூன்று மணி நேரமும் மற்றவர்கள் வெளியேதான். அழிக்கும் வேலையைத் தனி ஜாபாகப் பிரிப்பது இதற்கு எளிய தீர்வு. பூட்டப்பட்ட டேட்டாசெட் என்று வரும் புகார்களில் சில நாமே இப்படி எழுதிவைத்த ஜேசிஎல்லின் விளைவுதான்.

விடச் சொல்வது

நிஜப் பயன்பாட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதுதான்: பிடித்திருப்பவரையே முறையாக விட வைப்பது. முறை ஆளுக்கு ஆள் மாறும்.

டிஎஸ்ஓ பயனர் என்றால் ஒரு போன் போதும். எடிட்டை முடிக்கச் சொல்லலாம், ஃப்ரீ கொடுக்கச் சொல்லலாம். சிஐசிஎஸ் என்றால் அதன் செம்ட் கமாண்ட் மூலம் அந்தக் கோப்பை க்ளோஸ் செய்து, பிறகு ஜிஆர்எஸ்ஸில் பெயர் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். இசட்எஃப்எஸ் (யூனிக்ஸ் கோப்பு முறைமை) என்றால் அது மவுன்ட் ஆகியிருக்கும் ஒரு விசாம் வகை லீனியர் டேட்டாசெட். யூனிக்ஸ் பக்கம் போய் அன்மவுன்ட் செய்யாமல் விடுபடாது. ப்ராக்லிப் (பொது ஜேசிஎல் இருக்கும் லைப்ரரி) என்றால் ஜாப்களை நிர்வகிக்கும் ஜேஇஎஸ்2 பிடித்திருக்கும். அதன் ப்ராக்லிப் கமாண்டால் வரிசையை மாற்றியமைத்தால் விட்டுவிடும். டிபி2 டேட்டாபேஸின் டேபிள்ஸ்பேஸ் என்றால் கீழே இருக்கும் டேட்டாசெட்டை நேரடியாகத் தொடவே கூடாது. டிபி2-க்குள்ளேயே ஸ்டாப் செய்ய வேண்டும். ஸ்டோரேஜ் குரூப்பில் இருப்பதை ட்ராப் செய்தால் டேட்டாசெட்டை அதுவே அழிக்கும்.

லிங்க்லிஸ்ட் லைப்ரரிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பேச வேண்டும். மேலே சொன்ன இரண்டு பிரச்சினைகளுக்கும் நடுவில் விழுவது அது.

லிங்க்லிஸ்ட்டில் இருக்கும் லைப்ரரிகளை எக்ஸ்சிஎஃப்ஏஎஸ் ஷேராகப் பிடித்திருக்கும், எல்எல்ஏவும் பிடித்திருக்கும். ‘செட்ப்ராக் எல்என்கேஎல்எஸ்டி,அன்அலோகேட்’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. கொடுத்தால் லிங்க்லிஸ்ட்டுக்காக எடுத்த பகிர்வுப் பூட்டுகள் விடுபடும். எல்எல்ஏவிலிருந்தும் நீக்கிவிட்டால் டேட்டாசெட் அழிய மறுக்காது. பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அந்த லைப்ரரி லிங்க்லிஸ்ட்டில் இன்னும் இருக்கிறது! விடுபட்டது பூட்டுதான், பயன்பாடு தொடர்கிறது. அந்த நிலையில் அழித்தால், அந்த லைப்ரரி இருந்த டிராக்குகளில் வேறொரு டேட்டாசெட் வந்து உட்காரும். அடுத்து யாராவது ஒரு ப்ரோகிராமை லிங்க்லிஸ்ட் வழியாக ஏற்றும்போது சிஸ்டம் பழைய முகவரியில் போய்ப் படிக்கும். அங்கே ப்ரோகிராம் இருக்காது. எஸ்106 போன்ற அபென்ட்கள் (ப்ரோகிராம் முறிவுகள்) வரிசையாக வரத் தொடங்கும்.

சரியான வழி நீளமானது. புதிய லிங்க்லிஸ்ட் செட் ஒன்றை டிஃபைன் செய்து, அதிலிருந்து அந்த லைப்ரரியை எடுத்துவிட்டு, ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதன்பிறகும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அட்ரஸ் ஸ்பேஸ்கள் (ஒவ்வொரு ஜாபும் பயனரும் ஓடும் நினைவகப் பகுதிகள்) பழைய செட்டையே பயன்படுத்திக்கொண்டிருக்கும். அவற்றையும் வலுக்கட்டாயமாக மாற்ற அப்டேட் என்ற கமாண்ட் உண்டு. ஆனால் அந்த நொடியில் பழைய செட்டிலிருந்து ப்ரோகிராம் ஏற்றிக்கொண்டிருப்பவர் கீழே விழக்கூடும் என்பதால் ஐபிஎம் ஆவணங்களே அதைப் பற்றி எச்சரிக்கின்றன. அவசரமில்லை என்றால் பார்ம்லிப்பில் (சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் லைப்ரரி) திருத்திவைத்துவிட்டு, அடுத்த ஐபிஎல் முடிந்தபின் அழிப்பதே நல்லது. வட்டில் கொஞ்சம் இடம் இன்னும் சில வாரம் அடைபட்டிருக்கும், இருக்கட்டும்.

கேன்சலும் ஃபோர்ஸும்

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. பிடித்திருப்பது பாதியில் நின்றுபோன பேட்ச் ஜாபோ, வீட்டுக்குப் போய்விட்ட டிஎஸ்ஓ பயனரோ என்றால் கேன்சல் நியாயமானது; அட்ரஸ் ஸ்பேஸ் முடிந்ததும் என்க்யூக்கள் தானாக விடுபடும். டிஎஸ்ஓ பயனர் சேமிக்காத எடிட்டை இழக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டார்ட்டட் டாஸ்க் (பின்னணிச் சேவை) என்றால் முதலில் ஸ்டாப், அதற்குப் பிறகுதான் கேன்சல். அதுவும் ஏற்கப்படாவிட்டால் ஃபோர்ஸ் ஆர்ம். ஆர்ம் இல்லாத வெறும் ஃபோர்ஸ், ஒரு டேட்டாசெட்டை அழிப்பதற்காகக் கொடுக்கத் தகுந்த கமாண்டே அல்ல. சில அட்ரஸ் ஸ்பேஸ்களுக்கு அதைக் கொடுத்தால் ஐபிஎல்லில்தான் போய் முடியும்.

பூட்டைத் திறக்காத சொற்கள்

ஐடிகேம்ஸில் பர்ஜ், ஃபோர்ஸ் என்ற சொற்களைப் பார்த்ததும் அவை பூட்டை உடைக்கும் என்று நம்பி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. பர்ஜ், டேட்டாசெட்டுக்கு வைத்த காலாவதித் தேதி வராவிட்டாலும் அழிக்கச் சொல்வது. ஃபோர்ஸ், உள்ளே பதிவுகள் இருக்கும் ஜிடிஜி பேஸ் (தலைமுறை டேட்டாசெட்களின் தலைப்பதிவு), கேடலாக் போன்றவற்றை அழிக்கச் சொல்வது. இரண்டும் என்க்யூவைத் தொடாது. தொடாததோடு, தற்செயலாகப் பூட்டு விடுபட்டிருக்கும் நேரத்தில் நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக அழித்துவிடவும் கூடும். நோஸ்க்ராட்ச் கேடலாக் பதிவை மட்டும் நீக்கும்; டேட்டாசெட் விடாக்கில் (டிஸ்க்கின் உள்ளடக்க அட்டவணை) அப்படியே கிடக்கும். இடமும் மிச்சமாகாது, அடுத்து வருபவருக்கு அது ஒரு அநாதை டேட்டாசெட். நகலெடுக்கும் மென்பொருளான டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ்ஸில் என்க்யூ கிடைக்காததைப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் டால்(என்க்யூஎஃப்) இருக்கிறது. நகல் எடுக்கும்போது, டம்ப் எடுக்கும்போது அதற்கு ஓர் இடம் உண்டு. அழிப்பதற்கு அதை நான் கருவியாக எடுக்கமாட்டேன்.

இன்னொரு எல்பாரிலிருந்து அழிப்பது

பல நிறுவனங்களில், தயாரிப்பு (ப்ரொடக்ஷன்) சிஸ்பிளெக்ஸின் டிஸ்க்குகள் ஜிஆர்எஸ்ஸுக்கு வெளியே இருக்கும் ஒரு சோதனை எல்பாருக்கும் தெரியும்படி இணைக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து பார்த்தால் அந்தப் பெயரில் பூட்டே இருக்காது. டி போட்டால் உடனே அழியும். வேகமானது, அனுமதி கேட்கத் தேவையில்லாதது, இதுவரை செய்தவர்கள் பலருக்கு எதுவும் ஆகாததும்கூட. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ப்ரோகிராம் டேட்டாசெட்டைத் திறக்கும்போது, அது வட்டில் எந்த சிலிண்டரில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைகளை சிஸ்டம் நினைவகத்தில் டெப் என்ற கட்டுப்பாட்டுத் தொகுதியில் எழுதிக்கொள்கிறது. அதன்பிறகு படிக்கவும் எழுதவும் விடாக்கைப் பார்ப்பதில்லை. வெளியே இருக்கும் எல்பாரிலிருந்து நீங்கள் அழித்ததும் விடாக்கில் அந்த இடம் காலி என்று பதிவாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமுக்கு இது தெரியாது. சற்று நேரத்தில் வேறு ஒரு ஜாப் புதிய டேட்டாசெட் கேட்கும். அதே டிராக்குகள் அதற்குக் கொடுக்கப்படும். இப்போது இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதுகிறார்கள், இருவருக்கும் பிழைச் செய்தி இல்லை. புதிதாக ஒருவர் அழிந்த பெயரைத் திறக்கப் போனால் எஸ்213 அபென்ட் வரும். அதுகூட நல்லது, குறைந்தபட்சம் தெரிகிறது. தெரியாமல் போவது அந்த மேலெழுத்துதான். கெட்டுப்போனது உங்கள் டேட்டாசெட் அல்ல, சம்பந்தமில்லாத மூன்றாவது ஒருவருடையது. அவர் அதை ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போதுதான் கண்டுபிடிப்பார்.

விசாரணையும் கடினம். டேட்டாசெட் அழிப்பு எஸ்எம்எஃப் (சிஸ்டம் நிகழ்வுகளின் பதிவேடு) 17 பதிவாகவும், பெயர் மாற்றம் 18 பதிவாகவும் எழுதப்படும். ஆனால் அழித்த சிஸ்டத்தின் எஸ்எம்எஃப்பில் எழுதப்படும். தயாரிப்பு சிஸ்டத்தின் பதிவுகளை எத்தனை முறை புரட்டினாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது.

என்க்யூவை வெளியிலிருந்து உடைக்கும் ப்ரோகிராம்கள், ப்ரோகிராம் ப்ராப்பர்ட்டீஸ் டேபிளில் நோடிஎஸ்ஐ வைத்து டேட்டாசெட் பாதுகாப்பையே தாண்டிப் போவது ஆகியவையும் இதே வகைதான். அவை பூட்டை நீக்குகின்றன; பயன்பாட்டை நீக்குவதில்லை.

பழைய சிஸ்ரெஸ்: சுற்றிப் போவது சரியான இடம்

இனி இரண்டாம் வகை. பெயர் மட்டும் மோதுகிறது, பழைய வால்யூமில் இருப்பதை எந்த சிஸ்டமும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துவிட்டோம். இங்கே இரண்டு நல்ல வழிகள் உண்டு. அழிக்க வேண்டியது சில டேட்டாசெட்களா, முழு வால்யூமா என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

சிலதை மட்டும் என்றால், பெயரை மாற்றிவிட்டு அழிப்பது. சாதாரணமாகப் பெயர் மாற்றவும் தனிப்பூட்டு வேண்டும். ஆனால் பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப்பின் ஃபெசிலிட்டி கிளாஸில் எஸ்டிஜிஅட்மின்.டிபிடிஎஸ்ஆர்என் என்று தொடங்கி, பின்னால் பழைய டேட்டாசெட் பெயரோடு ஒரு ப்ரொஃபைல் இருந்து, அதில் உங்களுக்கு ரீட் அனுமதி இருந்தால், பெயர் வேறு இடத்தில் பயன்பாட்டில் இருந்தாலும் சிஸ்டம் மாற்ற அனுமதிக்கும். ஐஇஎச்ப்ரோகிராம் மூலம், வால்யூமைக் குறிப்பிட்டு, ரீநேம் கொடுக்கலாம். புதிய பெயர் யாரிடமும் இல்லாததால் அடுத்த நொடியே அதை வால்யூம் குறிப்பிட்டு அழித்துவிடலாம். எஸ்எம்எஸ் (தானியங்கிச் சேமிப்பு நிர்வாகம்) நிர்வகிக்கும் டேட்டாசெட்களுக்கு இது ஆகாது. விசாமுக்கும் ஆகாது, சிஸ்ரெஸ்ஸில் இருக்கும் இசட்எஃப்எஸ்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வால்யூமில் இருப்பது நிஜமாகவே திறக்கப்படாமல் இருக்கிறதா என்று சிஸ்டம் உங்களுக்காகச் சரிபார்க்காது. அனுமதி வைத்திருப்பவரின் பொறுப்பு அது.

முழு வால்யூமும் வேண்டாம் என்றால், ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுவது வீண் உழைப்பு. 10,017 சிலிண்டர் கொண்ட ஒரு 3390-9 சிஸ்ரெஸ்ஸில் நூற்றுக்கணக்கான டேட்டாசெட்கள் இருக்கும். வால்யூமை எல்லா சிஸ்டங்களிலும் ஆஃப்லைன் ஆக்கிவிட்டு, டிஸ்க்கைத் தயார்படுத்தும் ஐசிகேடிஎஸ்எஃப் ப்ரோகிராமின் இனிட் ஓட்டினால் விடாக் புதிதாக எழுதப்படும். எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். என்க்யூ என்ற பேச்சே எழாது. இசட்எஃப்எஸ் சிக்கலும் சேர்ந்தே தீரும். கேடலாகில் அவற்றுக்கு மிஞ்சும் பதிவுகளை மட்டும் தனியே சுத்தம் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்த வழி இதுதான். காரணம், ஆஃப்லைன் ஆக்குவதே ஒரு சோதனை. எங்காவது யாராவது அந்த வால்யூமைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அங்கே அது ஆஃப்லைன் ஆக மறுத்து ஒதுக்கப்பட்ட நிலையிலேயே நிற்கும். வேறு எந்த வழியும் இந்தப் பதிலைத் தருவதில்லை.

இனிட் எழுதும்போது நோவெரிஃபை என்று போடும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். வெரிஃபை என்று போட்டு பழைய வால்யூம் பெயரைக் குறிப்பிட்டால், யூனிட் முகவரியில் ஓர் இலக்கம் தவறினாலும் ஐசிகேடிஎஸ்எஃப் நின்றுவிடும். வெரிஃபைஆஃப்லைனும் சேர்த்துக்கொண்டால் மற்ற சிஸ்டங்களில் அது ஆன்லைனாக இருக்கிறதா என்றும் பார்க்கும். தவறான வால்யூமை இனிட் செய்துவிட்டால் திரும்பிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

அழிக்காமல் விடுவது

சில நேரம் நோக்கம் இடத்தை மீட்பதல்ல. பழைய மெம்பர்களை (லைப்ரரிக்குள் இருக்கும் தனித்தனிப் பகுதிகள்) யாரும் தவறுதலாக எடுத்துவிடக் கூடாது என்பதுதான். அப்படியென்றால் லைப்ரரியை அழிக்கவே தேவையில்லை. மெம்பர்களை நீக்க ஷேர் போதும், ஐஎஸ்பிஎஃப்பிலேயே நீக்கலாம். எல்எல்ஏ பழைய டைரக்டரியை நினைவில் வைத்திருந்தால் ரெஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். காலி லைப்ரரி அடுத்த ஐபிஎல்வரை அங்கேயே இருக்கலாம்.

யாருக்கு எது

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு வெளிநாட்டு வங்கியின் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெரும்பாலும் கன்சோல் அனுமதியும் எஸ்டிஜிஅட்மின் அனுமதியும் இருக்காது. அவருக்கு நான் சொல்வது: பிஎஃப்1 அல்லது ஐஎஸ்ஆர்டிடிஎன்னில் பிடித்திருப்பவரைப் பார்த்து, அந்த ஜாப் பெயரோடும் வால்யூம் பெயரோடும் டிக்கெட்டை எழுதுங்கள், மறுபுறம் ஐடிகேம்ஸ் ஜாபை மறுமுயற்சியோடு ஷெட்யூல் செய்யுங்கள். ‘டேட்டாசெட் அழியவில்லை’ என்று மட்டும் எழுதிய டிக்கெட் நான்கு கை மாறி உங்களிடமே திரும்பி வரும்.

சிஸ்டம் ப்ரோகிராமருக்கு: நிஜப் பயன்பாடு என்றால் பிடித்திருப்பவரை விட வைப்பது, முடியாவிட்டால் ஐபிஎல்வரை பொறுப்பது. பெயர் மோதல் என்றால் முழு வால்யூமுக்கு இனிட், தனித்தனிக்குப் பெயர் மாற்றம். பெயர் மாற்றத்திலும் மாற்றியவுடன் அழித்துவிடாமல் ஒரு வாரம் புதிய பெயரிலேயே விட்டுவைப்பது என் விருப்பம். யாராவது பழைய வால்யூமைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு மறந்துபோன ஜேசிஎல் இருந்தால், அந்த வாரத்தில் அது தோற்று வெளியே வரும். அப்போது பெயரைத் திருப்பிவிட்டால் போதும், ரெஸ்டோர் தேவைப்படாது. டிபிடிஎஸ்ஆர்என் அனுமதியையும் நட்சத்திரம் போட்டுப் பொதுவாகத் திறந்துவைக்காமல், அந்தந்தப் பெயருக்கு மட்டும் கொடுத்து, வேலை முடிந்த அன்றே ராக்எஃப் நிர்வாகியிடம் சொல்லி எடுத்துவிட வேண்டும்.